நனையாத பெர்மிட்

என் அக்காவின் வீட்டுக் காணிப் பெர்மிட்டை நான் லெமினேட் செய்தேன். கேட்பவர்களுக்கு இது ஒரு குற்றமாகவே தோன்றாது. செய்த அன்று எனக்கும் தோன்றவில்லை. பெருமையாகவே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு புத்தகம் படித்தவன் செய்யக்கூடிய முட்டாள்தனங்களுக்குள் மிகவும் சுத்தமாகச் செய்யப்பட்டது அது.

நான் ஒரு மொழிபெயர்ப்பாளன். பாலையூற்றில், வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, மூன்று அலுமாரி நிறையப் புத்தகம். திருகோணமலையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஹோட்டல் மண்டபங்களில் பட்டறைகள் நடக்கும். அவற்றுக்கு ஆங்கிலத்தில் வரும் கையேடு, படிவம், பதாகை எல்லாவற்றையும் தமிழாக்குவது என் பிழைப்பு. முதலில் மீள்குடியேற்றம் வந்தது, பிறகு நல்லிணக்கம், இப்போது காலநிலை. தலைப்புகள் மாறின, மதியச் சாப்பாடு மாறவில்லை.

கடைசியாக வந்த கையேடு காணியுரிமை பற்றியது. காணி தன்னுடையது என்ற உறுதி இருந்தால்தான் ஒருவன் அதில் நீண்டகால வேலை செய்வான், வெள்ளத்துக்கு அணை போடுவான், மரம் வைப்பான், வீட்டை உயர்த்துவான். அந்த உறுதி இல்லாதவன் மூன்று மாதத்தில் பிடுங்கக்கூடியதை மட்டும்தான் நடுவான். இதை நாற்பது பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். மொழிபெயர்க்கும்போது எனக்கு அத்தானின் ஞாபகம் வந்தது. வெருகல் ஆற்றங்கரையில் இரண்டு ஏக்கர் காணியை வைத்துக்கொண்டு முப்பது வருடமாகக் கச்சான்கடலை மட்டும் போட்டவர். ஒரு தென்னைகூட வைக்கவில்லை. காரணம் கேட்டால், "தென்னை காய்க்க ஏழு வருசம் மச்சான். ஏழு வருசம் ஒரே இடத்தில இருந்த ஆளை நீ இஞ்ச எங்கயாவது கண்டனியோ?" என்பார். நாற்பது பக்கம் அவ்வளவுதான்.

அந்தக் கையேட்டோடு ஒரு திட்டமும் வந்தது. ஆற்றங்கரைக் காணிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீளமான மண் அணை போடுவது. வீடுகளின் அத்திவாரத்தை இடுப்பளவுக்கு உயர்த்திக் கொடுப்பது. நிபந்தனை ஒன்றுதான்: காணிப் பத்திரம் ஒழுங்காக இருக்கவேண்டும். அத்தானின் பெர்மிட் ஒழுங்காகத்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. சிக்கல் அங்கேதான்.

பெர்மிட் என்பது அரசாங்கக் காணியைச் செய்கை பண்ணி வாழ அனுமதிக்கும் பத்திரம். விற்க ஏலாது. பெர்மிட்காரர் இறந்தால் மனைவி ஆயுள்வரை இருக்கலாம். அதற்குப் பிறகு யாருக்கு என்பதைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும். பின்னுரித்தாளர் என்று அதற்கு ஒரு சொல். அத்தானுக்குப் பெர்மிட் கிடைத்த காலத்தில் அவருக்கு ஒரு பிள்ளைதான், நடக்கப் பழகிய மகன். கந்தோர்க்காரர் யாரோ நீல மையில், சாய்ந்த எழுத்தில், அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் 'மகன்' என்று போட்டு முத்திரை குத்தியிருந்தார். மகள் பிறந்தது பிறகு.

அந்த மகன் இப்போது இல்லை. 'இல்லை' என்று எழுதுவதற்கு அக்கா என்னை மன்னிக்கமாட்டாள். யுத்தம் முடிகிற வருடங்களில், எல்லோரும் இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்தபோது, ஒரு காலையில் விறகு பார்த்து வருகிறேன் என்று போனவன். பதினேழு வயது. அவ்வளவுதான் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளத்திலும் கிராம சேவகர் நிவாரணப் பதிவுக்கு வருவார். "எத்தனை பேர்?" "நாலு பேர்" என்பாள் அக்கா. அவர் மூன்று என்று எழுதிக்கொள்வார். இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை.

காணியைச் செய்வது மகள்தான். முப்பது வயது. அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு முறை திருகோணமலை ஆசுபத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்க வந்துபோகத் தொடங்கியபின், மண்வெட்டி முழுவதுமாக அவள் கைக்கு வந்தது. அணை எங்கே வரவேண்டும், வீடு எவ்வளவு உயரவேண்டும், கரையோரம் என்ன மரம் வைத்தால் மண் நிற்கும் என்று ஒரு கொப்பியில் படம் கீறி வைத்திருந்தாள். நான் மொழிபெயர்த்த கையேட்டை விட அது தெளிவாக இருந்தது.

வைகாசியில் ஒருநாள் நான் பஸ் ஏறி, கிண்ணியா, மூதூர் தாண்டி வெருகலுக்குப் போனேன். போன நோக்கம் பெரியது. பின்பக்கத்துப் பெயரை வெட்டி, மகளின் பெயரை எழுதவைப்பது. கையேட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். சொந்த அக்காவுக்கு ஒரு விஷயம் சொல்ல ஒருவனுக்குக் கையேடு தேவைப்பட்டால், அவன் எந்த மாதிரியான தம்பி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முற்றத்து வேம்பின் கீழே அத்தான் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். காலநிலை, எதிர்காலம், நிச்சயம், தாங்குதிறன்.

"தாங்குறதுக்கு ஏன் மச்சான் திறன்?" என்றார் அத்தான். "வேற வழி இல்லாட்டித் தாங்குறதுதானே."

"அத்தான், பகிடி விடாதேங்கோ. உங்களுக்கு ஏதும் நடந்தா..."

"நடக்கத்தான் போகுது. அதுக்கேன் இழுக்கிறாய். மகள்தான் செய்யிறாள். மகளின்ர பேரைப் போடுவம். எனக்கு அதில ஒரு கதையும் இல்லை." பிறகு அவர் அக்காவைப் பார்க்காமல், சுளகைப் பார்த்து, "என்ன?" என்றார்.

அக்கா இரண்டு தரம் புடைத்தாள். "அவன்ர பேரை வெட்டாமல் பக்கத்தில எழுதேலாதோ?"

"ஏலாது அக்கா," என்றேன், ஏதோ சட்டத்தை நானே இயற்றியவன்போல. "ஒருவருக்குத்தான் இடம். வெட்டிக் கையெழுத்து வைச்சால்தான் மற்றப் பேர்."

"வெட்டுறதெண்டா? கோடு போடுறதோ?"

"ஓம். சிவப்பு மையில ஒரு கோடு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்ற சொல்லை நான் ஏன் சொன்னேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். 

அக்கா மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஆவணியில் கோயில் திருவிழா முடிந்ததும் கந்தோர்க்காரரே ஊருக்கு வரும் நடமாடும் சேவை நடக்கும், அன்றைக்கே மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. நான் கையேட்டை மூடினேன். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. பட்டறையில் பெயரட்டை செய்யப் பாவித்த லெமினேட் மெஷின் ஒன்றை, முடிந்தபின் என்னையே வைத்திருக்கச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த மாதம் என் வீட்டில் நனையக்கூடிய காகிதம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பஸ் நேரசூசி, மின்சாரப் பட்டியல், என் இரத்தப் பரிசோதனை அறிக்கை, பூனையின் தடுப்பூசி அட்டை எல்லாம் பளபளத்தன. பெர்மிட்டையும் தந்தால் வெள்ளத்துக்குப் பயப்படத் தேவையில்லை என்றேன். ஆவணங்களை நீரிலிருந்து பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்று கையேட்டிலும் இருக்கிறது என்றேன். இருந்தது. அந்த வரியை எழுதியவனே நான்தானே.

"எழுதுற கடதாசியை ஒட்டலாமோ மச்சான்?" என்று அத்தான் கேட்டார். கேட்டவர் ஐந்தாம் வகுப்பு.

"இந்தக் காலத்தில எல்லாத்தையும் ஒட்டலாம் அத்தான்" என்றேன். சொன்னவன் பட்டதாரி.

அக்கா சுளகை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அலுமாரி லாச்சி திறக்கும் சத்தம் கேட்டது. நாலாக மடித்த பெர்மிட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். இடம்பெயர்ந்த காலம் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த கடதாசி அது. கிராம சேவகர் கேட்டால்கூடத் தன் கையில் பிடித்தபடியே காட்டுகிறவள். "கொண்டுபோ" என்றாள். என் பேச்சுக்கு இப்படியொரு வலிமையா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டில் மிச்சம் இருந்த பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் சான்றிதழுக்கு வாங்கிய பெரிய அளவு. பெர்மிட்டை விரித்து நடுவில் வைத்து மெஷினுக்குள் விட்டேன். சுற்றிவர நாலு விரல் அகலத்துக்கு வெறும் பிளாஸ்டிக் நின்றது. அப்படி நின்றால் தண்ணீர் உள்ளே போகாது என்று விட்டுவிட்டேன். அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுத்தபோது அத்தான் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "சாப்பாட்டுக்கடை விலைப்பலகை மாதிரி வடிவாய் இருக்கு" என்றார். அக்கா பின்பக்கத்தைத் திருப்பினாள். நீல எழுத்து, பெயர், 'மகன்', முத்திரை. முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. புறங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள்.

நடமாடும் சேவை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அத்தானை ஓட்டோவில் கூட்டிவந்தோம். கையில் ஊசி போட்ட இடம் வீங்கி, துணி சுற்றியிருந்தது. காணிப் பகுதி மேசையில் இருந்தவர் ஓர் இளம் பெண் உத்தியோகத்தர். எல்லோரும் மிஸ் என்றார்கள். பொறுமையானவர். அத்தானின் அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எல்லாம் பார்த்து, தலையசைத்து, சிவப்புப் பேனையைத் திறந்தார். பிறகு பெர்மிட்டை எடுத்தார். பேனையை மூடினார்.

"இதை ஆர் ஒட்டினது?"

நான் கை உயர்த்தினேன். பள்ளிக்கூட மண்டபம் என்பதால் அது இயல்பாகவே வந்தது.

"நீங்க என்ன வேலை ஐயா?"

"மொழிபெயர்ப்பு."

அவர் பெர்மிட்டை மேசையில் வைத்து விரலால் தட்டினார். "இதில எப்பிடி எழுதிறது? பழைய பேரை இந்தப் பெர்மிட்டிலயே வெட்டி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தோணும். பிளாஸ்டிக்குக்கு மேல எழுதினா அது பிளாஸ்டிக்கில எழுதினதுதான்."

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, ஓர் ஓரத்தில் பேனையை வைத்து இழுத்தும் பார்த்தார். மை சிவப்புப் பொட்டுகளாகத் திரண்டு நின்றது. விரலால் தொட்டதும் போய்விட்டது.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். "மிஸ், இவர் நல்ல ஆள்தான். என்ர ஓட்டோ சீட்டுக்கும் ஒரு கவர் போட்டுத் தருவாரோ எண்டு கேளுங்கோ." நாலைந்து பேர் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

"உரிச்சுப் பாப்பமா மிஸ்?" என்று அக்காவின் மகள், என் மருமகள், கேட்டாள். ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பினாள். வெறும் பிளாஸ்டிக் வந்தது. கடதாசியின் விளிம்பு தொடங்கிய இடத்தில், எழுத்தின் ஒரு துண்டும் சேர்ந்து வந்தது. உத்தியோகத்தர் "வேண்டாம், வேண்டாம்" என்று மேசைக்கு மேலாகக் கை நீட்டினார். அதற்குள் அக்காவின் கை முந்திவிட்டது. பெர்மிட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "கிழியப் போகுது" என்றாள். அன்றைக்கு அவள் சொன்னது அது ஒன்றுதான்.

திரும்பும்போது ஓட்டோவுக்குள் அத்தான் என் முழங்காலில் தட்டினார். "விடு மச்சான். முப்பது வருசத்தில இந்தப் பேப்பர் இப்பதான் ஒழுங்காக் காஞ்சு இருக்கு."

அதன்பிறகு நடந்தது கந்தோர் அலைச்சல். சத்தியக்கடதாசி, பொலிஸ் முறைப்பாடு, விண்ணப்பம். கந்தோரில் உள்ள இடாப்பில் அதே பெர்மிட்டின் பதிவு இருக்கும், அதிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுத்தால் அதில் மாற்றலாம் என்றார்கள். இடாப்பு இருந்தது. ஏதோ ஒரு பழைய வெள்ளத்தில் நனைந்து காய்ந்ததில், அந்த வருடத்துப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு செங்கல்லாக இருந்தன. பக்கம் பக்கமாகப் பிரிக்க ஆள் வரவேண்டும், காலம் எடுக்கும். "இதையும் நேரத்தோட லெமினேட் செய்திருக்கலாம்" என்றேன். அந்த மிஸ் சிரிக்கவில்லை. நியாயம்தான்.

நகரத்தில் ஒரு கையொப்பத்துக்காகக் காத்திருந்த ஒரு மத்தியானம், கந்தோர் வாசலில் மான் ஒன்று என் கோப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாளை இழுத்து மென்றது. எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களுக்கு மனிதர்களிடம் பயமில்லை. பார்த்தேன், அது தின்றது விண்ணப்பத்தின் மூன்றாம் பிரதி. ஒட்டியிருந்தால் தின்றிருக்காது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இரண்டாவதாக ஒன்றும் வரவில்லை.

ஐப்பசியில், பிரதி வருமுன், அத்தான் போய்விட்டார். ஆசுபத்திரியில், ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே. எனக்குச் செய்தி வந்தபோது நான் ஒரு படிவத்தின் அடிக்குறிப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அந்த அடிக்குறிப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

செத்தவீட்டில் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்று மழை தூறியது. முற்றத்துப் பந்தலில் ஒழுகிய இடத்துக்கு, பட்டறையிலிருந்து மருமகள் எப்போதோ எடுத்து வைத்திருந்த பதாகையைக் கட்டியிருந்தார்கள். 'உறுதியான காணியுரிமை, தாங்குதிறன் மிக்க நாளை.' என் வரி. அதற்குக் கீழே அத்தான் கிடந்தார். பறை அடித்த நேரம் முழுக்க, 'மிக்க' என்ற சொல் அங்கே தேவையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒழுகவில்லை, அதை மட்டும் சொல்லலாம்.

எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்து சில நாளில் திட்டத்தின் கள உத்தியோகத்தர் வந்தார். சின்னப் பொடியன், நல்லவன், செருப்பைக் கழற்றி வெளியே வைத்தவன். காணி இப்போது அம்மாவின் கையில் இருக்கிறது, பிரச்சினை இல்லை, ஆனால் அணை, அத்திவாரம் போன்ற நிரந்தர வேலைகளுக்குப் பின்னுரித்தாளரின் சம்மதக் கையொப்பமும் வேண்டும் என்றான். படிவத்தை எடுத்து வைத்தான். ஐந்தாம் பிரிவு. நான் மொழிபெயர்த்தது. தமிழ் நன்றாகவே இருந்தது.

"அக்கா, இதில பின்னுரித்தாளர் உங்கட அண்ணாவோ?" என்று மருமகளிடம் கேட்டான்.

"ஓம்."

"இப்ப ஆள் எங்க?"

"வெளியில போயிருக்கிறார்."

"எப்ப வருவார்?"

மருமகள் குசினிப் பக்கம் பார்த்தாள். "அது அம்மாவிட்டத்தான் கேக்கோணும்."

அவன் கேட்கவில்லை. விளங்கியிருக்கவேண்டும். படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காணிப் பகுதி மிஸ் இன்னொரு வழி சொல்லிப் பார்த்தார். காணாமல் போனவர்களுக்கென்று ஒரு சான்றிதழ் இருக்கிறது, அது இறந்துவிட்டார் என்று சொல்லாது, இப்போது இல்லை என்று மட்டும்தான் சொல்லும், அதை எடுத்தால் மேலே போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அக்கா முழுவதும் கேட்டாள்.

"இல்லையெண்டு எனக்குத் தெரியும் மிஸ். அதை நான் ஏன் கையெழுத்து வைச்சுச் சொல்லோணும்?"

அணை வேலை தொடங்கியது. மேற்குப் பக்கத்து வளவுகளில் முடித்து, அக்காவின் வேலியடியில் நிறுத்தி, மண் அள்ளும் மெஷினைச் சுற்றிக் கொண்டுபோய்க் கிழக்கு வேலியில் திரும்பத் தொடங்கினார்கள். வரைபடத்தில் நேராக ஓடிய கோடு மண்ணில் அக்காவின் காணி அகலத்துக்கு அறுந்து நின்றது. முன்பல் விழுந்த வாய்போல என்று நான் சொன்னேன். யாரும் அதை ரசிக்கவில்லை.

மார்கழியில் ஆறு ஏறியது. அணை முழுக்கத் தாங்கியது. தண்ணீர் அக்காவின் காணிக்குள்ளால் வந்து, உள்ளேயிருந்து பரவி, அணைக்குப் பின்னால் இருந்த எல்லோருடைய கச்சானையும் மூடியது. வடிய வழியில்லாமல் ஒன்பது நாள் நின்றது. உயர்த்திய வீடுகளுக்குள் போகவில்லை. அக்காவின் வீட்டுக்குள் ஜன்னல் கட்டைவரை வந்தது. சனம் மண்மூட்டையோடு வந்து அந்த இடைவெளியை அடைக்கப் பார்த்தது. நானும் இரண்டு மூட்டை தூக்கினேன், மூன்றாவதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒருவர்கூட அக்காவை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஓட்டோ சீட்டுக்குக் கவர் கேட்டவரும் ஒரு மூட்டையோடு நின்றார். என்னைப் பார்த்தார், பகிடி விடவில்லை. அதிலிருந்துதான் விஷயம் எவ்வளவு மோசம் என்று எனக்கு விளங்கியது.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது கிராம சேவகர் பதிவுக்கு வந்தார். "எத்தனை பேர்?" "மூண்டு பேர்" என்றாள் அக்கா. அத்தானைக் கழித்திருக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் இரண்டு என்று எழுதிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்ததும் துப்புரவாக்கப் போனேன். மெத்தை, நெல் மூட்டை, மருமகளின் படக் கொப்பி எல்லாம் ஊறிப் போயிருந்தன. கொப்பியின் பக்கங்களை அவள் ஒன்றொன்றாகப் பிரித்து வேலியில் காயப்போட்டாள். சேற்றுக்குள் அலுமாரிக்குப் பின்னால் பெர்மிட் கிடந்தது. பைப்படியில் கழுவினேன். ஒரு துளி உள்ளே போயிருக்கவில்லை. நீல எழுத்து நேற்று எழுதியதுபோல இருந்தது. வீட்டில் பிழைத்த ஒரே பொருள்.

மருமகள் அந்தப் பிற்பகலே ஒரு சாக்குப் பனங்கொட்டையை இழுத்துக்கொண்டு இடைவெளிக்குப் போனாள். "மாமா, உங்கட படிவத்தில பனைக்கும் கையெழுத்து வேணுமெண்டு இருக்கோ?" ஐந்தாம் பிரிவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நிரந்தரக் கட்டுமானம் என்றுதான் இருந்தது. "இல்லை" என்றேன். "அப்ப சரி." வரிசையாகக் குழி தோண்டத் தொடங்கினாள். பனை நின்று மண்ணைப் பிடிக்கப் பதினைந்து இருபது வருடம் ஆகும். அவள் அதைக் கணக்குப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

நான் அக்காவிடம் போனேன். அவள் படியில் இருந்து, நனைந்த மிளகாயைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போதே ஒரு பேச்சை ஆயத்தப்படுத்தியிருந்தேன். என் படிப்புத் திமிரால், என் அவசரத்தால், உங்கள் காணியும் பிள்ளையின் எதிர்காலமும் போயிற்று, நான் அன்றைக்கு அதை ஒட்டாமல் இருந்திருந்தால் என்று தொடங்கினேன். ஒரு பாதிவரை போனேன். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கண்ணில் நீர்கூட வரும்போல இருந்தது, அத்தான் போன பிறகு முதல் தடவையாக.

அக்கா மிளகாயிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்:

"உன்ர கதையைக் கேட்டே நான் குடுத்தனான்? முன்வீட்டுப் பிள்ளையின்ர பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை ஒட்டினதெண்டு கந்தோரில திருப்பி விட்டவங்கள். அதில இனி ஒருத்தரும் ஒண்டும் வெட்டேலாதெண்டு தெரிஞ்சுதான் உன்னட்டத் தந்தனான். நீயும் அதை ஒழுங்காச் செய்யேல்ல. இந்தப் பெரிசா ஒட்டிப்போட்டாய், லாச்சிக்குள்ள போகுதே?"